ஐபோன் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த பிறகும் ஆப்பிளால் சீனாவுக்கு மறுப்புச் சொல்ல முடியாதது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது: "ஆப்பிளிடம் இல்லாத பணமா? அப்படியிருந்தும் சீன அரசு ஒரு செயலியை எடு என்றால் எடுக்கிறது, தகவல்களை இங்கேயே வை என்றால் வைக்கிறது. இப்போது ஐபோன் நம்ம ஊரிலேயே தயாராகிறதே, மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதானே? என் தம்பி டிப்ளமோ முடித்திருக்கிறான், இதை நம்பி அவனை அங்கே சேர்க்கலாமா?" தம்பி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். மற்றதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தொழிற்சாலையை வேறு நாட்டுக்கு மாற்ற முடியுமா என்பது ஒன்று. ஓர் அரசு கேட்கும்போது 'முடியாது' என்று சொல்லும் தைரியம் ஒரு நிறுவனத்துக்கு எங்கிருந்து வருகிறது என்பது இன்னொன்று. முதலாவது புரிந்தால் இரண்டாவது பாதி புரிந்த மாதிரி.

நான் மின்னணுப் பொருள் தயாரிப்பில், உதிரிபாகக் கொள்முதலிலும் தரக் கட்டுப்பாட்டிலும் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். பெரும்பகுதி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம்தான். நடுவில் சீனாவின் தொழில் நகரங்களான ஷென்சென், டொங்குவான் என்று போய்வந்த நாட்கள் நிறைய. ஆப்பிளில் வேலை பார்த்ததில்லை, சீன அரசியல் படித்தவனும் இல்லை. ஆகவே தொழிற்சாலைக்குள் நடப்பதைப் பற்றி உறுதியாகப் பேசுகிறேன். பெய்ஜிங் பற்றி, பொதுவெளிக்கு வந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கூலி. சீனாவில் கூலி மலிவு, அதனால்தான் எல்லோரும் அங்கே போனார்கள் என்பார்கள். தொடக்கத்தில் அது உண்மைதான். ஆனால் 2010-ல் ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஒரு கணக்கைப் பாருங்கள். ஐபோன் 3ஜி ஒன்றின் தயாரிப்புச் செலவு சுமார் 179 டாலர். அதில் சீனாவில் பாகங்களைக் கோத்து முடிக்க ஆன செலவு 6.50 டாலர். மீதியெல்லாம் ஜப்பான், ஜெர்மனி, தென்கொரியா, அமெரிக்கா என்று பாகம் செய்த நாடுகளுக்குப் பிரிந்து போனது. கூலி இரண்டு மடங்கானாலும் ஒரு போனுக்கு ஆறேழு டாலர்தான் கூடும். அந்த ஆறேழு டாலரை மிச்சம் பிடிக்க இருபது வருடம் யாரும் ஒரே நாட்டில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

அப்புறம் எது பிடித்து வைத்திருக்கிறது? என் அனுபவத்தில் அதற்கு ஒரே வார்த்தை: அச்சு, அதாவது பிளாஸ்டிக்கை உருக்கிச் செலுத்திப் பாகத்தின் வடிவத்தை எடுக்கும் உலோக மோல்டு. டொங்குவானில் ஒருமுறை சார்ஜர் மூடி ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது, நகத்தை வைத்து இழுத்தால்தான் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொன்னேன். அச்சைக் கழற்றி, இரண்டு தெரு தள்ளி இருந்த பட்டறைக்கு ஒரு சின்ன வண்டியில் கொண்டுபோனார்கள். ராத்திரியோடு ராத்திரியாக வெல்டிங் போட்டு, ஸ்பார்க் மெஷினில் கொடுத்து, பாலிஷ் போட்டு, மறுநாள் காலை பத்து மணிக்குப் புது மூடியை என் மேசையில் வைத்துவிட்டார்கள். இதே மாதிரி ஒரு திருத்தம் இங்கே நான் இருந்த நிறுவனத்துக்குத் தேவைப்பட்டபோது, அச்சை லாரியில் ஏற்றி வேறு மாநிலத்துக்கு அனுப்பித் திரும்பப் பெற மூன்று வாரம் ஆனது. இங்கே திறமை இல்லை என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட பட்டறைகள் நானூறு, ஐந்நூறு ஒரே ஊரில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால்தான் ஒரு ராத்திரியில் வேலை நடக்கும். வருடா வருடம் செப்டம்பரில் புது மாடல் விட்டே ஆகவேண்டிய கம்பெனிக்கு மூன்று வாரம் என்பது உயிர் போகிற விஷயம்.

அமெரிக்காவிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2013-ல் மேக் புரோ கணினியை டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் தயாரிக்கப் போவதாக ஆப்பிள் பெருமையாக அறிவித்தது. அதற்கு வேண்டிய தனி வகை ஸ்க்ரூவை அந்தப் பக்கத்தில் செய்துகொடுத்த சிறு பட்டறையால் ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் முடியவில்லை. விற்பனை மாதக்கணக்கில் தள்ளிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றும், கடைசியில் ஸ்க்ரூவைச் சீனாவிலிருந்துதான் வரவழைத்தார்கள் என்றும் நியூயார்க் டைம்ஸ் 2019-ல் எழுதியது. உலகத்திலேயே பணக்கார நிறுவனம், உலகத்திலேயே பணக்கார நாட்டில், ஸ்க்ரூவுக்குக் காத்து நின்றிருக்கிறது.

இந்தப் பிடியை ஆப்பிளே வளர்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1984-ல் முதல் மேக்கின்டாஷ் கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருந்த ஆப்பிளின் சொந்தத் தொழிற்சாலையில்தான் தயாரானது. பின்னாளில் ஆப்பிளின் தலைமை நிர்வாகி ஆன டிம் குக் 1998-ல் சேர்ந்த பிறகு, சரக்கைக் கிடங்கில் தேக்கி வைப்பதையும் சொந்தமாகத் தொழிற்சாலை வைத்திருப்பதையும் நிறுவனம் வேகமாகக் குறைத்தது. தயாரிப்பு வேலை தைவானின் ஃபாக்ஸ்கான் போன்ற ஒப்பந்த நிறுவனங்களிடம் போனது, அவை சீனாவில் ஆலை வைத்திருந்தன. ஆனால் ஆப்பிள் 'இதைச் செய்து கொடு' என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. தன் பொறியாளர்களை அனுப்பி, சப்ளையர்களின் ஆலைக்குள் உட்கார வைத்து, ஒவ்வொரு வேலையையும் சொல்லிக்கொடுத்தது. தன் காசில் இயந்திரங்களை வாங்கி அடுத்தவர் ஆலைக்குள் நிறுத்தியது. வருடாந்திர அறிக்கையில் இதன் சுவடு இருக்கிறது: 2018-ல் சீனாவில் ஆப்பிளுக்கு இருந்த நிலையான சொத்து 1,300 கோடி டாலருக்கு மேல். இந்தக் கணக்கில் ஹாங்காங்கும் தைவானும் சேரும். 2024-ல் அது 500 கோடிக்கும் சற்றுக் கீழே வந்துவிட்டது. இதைப் பார்த்து 'ஆப்பிள் சீனாவைக் காலி செய்கிறது' என்று சிலர் எழுதினார்கள். நான் அவ்வளவு அவசரப்பட மாட்டேன். இயந்திரத்தின் கணக்கு மதிப்பு தேய்மானத்தாலும் குறையும். மதிப்பு குறைந்தாலும் இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும், அதை ஓட்டக் கற்றவர்களும் அங்கேயேதான் இருப்பார்கள்.

இனி அரசு. சீன அரசு ஆப்பிளை மிரட்டும் காவல்காரர் மட்டும் இல்லை, தயாரிப்பு லைனிலேயே அதுவும் ஒரு பங்காளி. ஹெனான் மாகாணத்தின் ஜெங்ஜோவில் 2010-ல் ஃபாக்ஸ்கான் ஆலை வந்தபோது, சாலை, மின்சாரம், தொழிலாளர் குடியிருப்பு, ஆள் சேர்ப்பு, வரிச் சலுகை, பக்கத்திலேயே சுங்கச் சோதனை எல்லாவற்றையும் உள்ளூர் அரசு கவனித்துக்கொண்டது. உச்ச காலத்தில் அங்கே ஏறத்தாழ 3 லட்சம் பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். ஒரு நகரத்து மக்களே ஒரே வளாகத்தில் இருந்த மாதிரி. இப்படி ஓர் ஏற்பாட்டைக் கொடுக்கக்கூடிய அரசு, அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும். அதற்கு ஆலையைப் பூட்ட வேண்டியதில்லை. சுங்கத்தில் நாலு நாள் தாமதம், தீயணைப்புத் துறையிலிருந்து ஒரு சோதனை, அவ்வளவு போதும். தயாரிப்பில் இருக்கும் எவரும் இந்தப் பயத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

உறுதியாகத் தெரிந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். 2013 மார்ச்சில் அரசுத் தொலைக்காட்சி ஆப்பிளின் வாரண்டி நடைமுறையை நுகர்வோர் தின நிகழ்ச்சியில் போட்டுத் தாக்கியது. ஆளும் கட்சியின் பத்திரிகையான பீப்பிள்ஸ் டெய்லியும் சேர்ந்துகொண்டது. இரண்டரை வாரத்துக்குள், ஏப்ரல் 1 அன்று, டிம் குக் சீன மொழியில் மன்னிப்புக் கடிதம் வெளியிட்டார். 2017-ல், இணையத் தணிக்கையைத் தாண்டிப் போக உதவும் விபிஎன் செயலிகள் சீன ஆப் ஸ்டோரிலிருந்து நீங்கின. 2018 பிப்ரவரி 28 முதல் சீனப் பயனாளர்கள் ஐகிளவுட்டில் (ஆப்பிளின் இணையச் சேமிப்பகம்) வைத்திருந்த தகவல்கள் குய்ஜோ மாகாண அரசுக்குச் சொந்தமான ஒரு நிறுவனத்தின் பொறுப்புக்குப் போயின. அவற்றைத் திறக்கும் சாவிகளும் சீனாவுக்குள்ளேயே வைக்கப்பட்டன. 2019-ல் ஹாங்காங் போராட்டத்தின்போது காவல்துறை நிற்கும் இடங்களைக் காட்டிய வரைபடச் செயலி எடுக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் வாட்ஸ்அப், த்ரெட்ஸ் இரண்டையும் எடுத்தபோது, தேசியப் பாதுகாப்பைக் காரணம் காட்டிச் சீன இணைய ஒழுங்குமுறை அமைப்பு உத்தரவிட்டதாக ஆப்பிளே ஒப்புக்கொண்டது.

உறுதியில்லாதவையும் இருக்கின்றன, அவற்றை மேலே சொன்னவற்றோடு கலக்கக் கூடாது. 2016-ல் ஆப்பிள் சீனாவில் ஐந்து வருடத்துக்கு 27,500 கோடி டாலர் மதிப்பில் ஓர் உடன்பாடு செய்துகொண்டது என்று படித்திருப்பீர்கள். அது நிறுவனத்தின் உள் ஆவணங்களைப் பார்த்ததாகச் சொல்லி 2021-ல் ஒரு செய்தித் தளம் எழுதியது, ஆப்பிள் வெளியிட்ட ஒப்பந்தம் இல்லை. அதே 2016-ல் சீன டாக்சி நிறுவனமான தீதியில் ஆப்பிள் 100 கோடி டாலர் போட்டது மட்டும் ஊரறிந்தது. இன்னொன்று ஏர்டிராப், பக்கத்தில் இருக்கும் ஐபோனுக்கு இணையம் இல்லாமலே படம், கோப்பு அனுப்பும் வசதி. 2022 அக்டோபரில் பெய்ஜிங் பாலம் ஒன்றில் ஒருவர் அரசுக்கு எதிராகப் பதாகை கட்டினார், அந்த வாசகங்களை மக்கள் ஏர்டிராப்பில் பரப்பினார்கள். நவம்பரில், முன்பின் தெரியாதவரிடமிருந்து பெறும் வசதி சீன ஐபோன்களில் மட்டும் பத்து நிமிடமாகச் சுருங்கியது, பிறகு உலகம் முழுக்க அப்படியே ஆனது. காலப்பொருத்தம் உண்மை. அரசு கேட்டுத்தான் செய்தார்கள் என்பதற்கு வெளியில் ஆதாரம் இல்லை. 2023 செப்டம்பரில் சீன அரசு ஊழியர்கள் ஐபோன் கொண்டுவரத் தடை என்ற செய்தியும் இப்படித்தான். அப்படியொரு சட்டமோ ஆணையோ பிறப்பிக்கவில்லை என்று சீன வெளியுறவு அமைச்சகம் சொன்னது. அதற்குள் இரண்டே நாளில் ஆப்பிளின் சந்தை மதிப்பில் சுமார் 20,000 கோடி டாலர் கரைந்துவிட்டது. ஓர் அரசு வாயைத் திறக்காமலேயே இவ்வளவு நடக்கிறது என்பதுதான் எனக்கு அதில் முக்கியமாகத் தெரிகிறது.

'எந்த நாட்டில் வியாபாரம் செய்கிறோமோ அந்த நாட்டின் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம்' என்பது ஆப்பிளின் வழக்கமான பதில். அது பொய் இல்லை. ஆனால் இரண்டு நிகழ்வுகளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2016-ல் சான் பெர்னார்டினோ துப்பாக்கிச் சூட்டில் ஈடுபட்டவனின் ஐபோனைத் திறக்க உதவச் சொன்னது அமெரிக்காவின் எஃப்பிஐ, நீதிமன்ற உத்தரவோடு. ஆப்பிள் மறுத்தது, வழக்காடத் தயாராக நின்றது. எஃப்பிஐ வேறு வழியில் போனைத் திறந்துகொண்டு வழக்கைக் கைவிட்டது. அங்கே சட்டத்தை எதிர்த்து நிற்க ஒரு நீதிமன்றம் இருந்தது. அடுத்தது 2010. தணிக்கை செய்யமாட்டோம் என்று கூகுள் தன் சீனத் தேடல் தளத்தை ஹாங்காங்குக்குத் திருப்பிவிட்டது. கூகுளுக்கு அதனால் பெரும் சந்தை போனது. ஆனால் அன்று அது விற்ற பொருள் எதுவும் ஜெங்ஜோவில் தயாராகி வரவேண்டியதாக இல்லை. சீனாவிலிருந்து வெளியேறினால் சீன வாடிக்கையாளரை மட்டும்தான் இழக்க வேண்டும். ஆப்பிள் வெளியேறினால் அமெரிக்க வாடிக்கையாளருக்கும் கொடுக்கப் போன் இருக்காது. சீனச் சந்தை ஆப்பிளின் வருமானத்தில் 2024 கணக்குப்படி சுமார் 17 சதவீதம்தான். 17 சதவீதத்தை இழக்கலாமா என்று ஒரு நிர்வாகக் குழு உட்கார்ந்து யோசிக்கலாம். நூறு சதவீதத்தின் குடுமி ஒருவர் கையில் இருக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது?

சரி, இப்போது நம்ம ஊர். வந்திருப்பது சின்ன விஷயம் இல்லை. 2017-ல் பெங்களூரில் ஐபோன் எஸ்இ-யோடு ஆரம்பித்தது. இன்று ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான், மகிந்திரா சிட்டியில் இன்னொரு தைவான் ஒப்பந்த நிறுவனமான பெகட்ரானின் ஆலை (2025-லிருந்து 60 சதவீதம் டாடாவிடம்), ஓசூர் பக்கம் போனின் உலோகக் கூடு செய்யும் டாடா எலக்ட்ரானிக்ஸ் என்று வளர்ந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் டிரம்ப் சீனப் பொருட்களின் மேல் வரியை 145 சதவீதம் வரை ஏற்றியபோது, தனி விமானங்களில் சென்னையிலிருந்து சுமார் 600 டன் ஐபோன்கள் அமெரிக்காவுக்குப் பறந்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. அந்தக் காலாண்டில் அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் பெரும்பாலானவை இந்தியாவில் தயாரானவையாக இருக்கும் என்று டிம் குக்கே சொன்னார்.

ஆனால் சுங்கச் சட்டத்தில் ஒரு பொருளின் 'பிறந்த நாடு' என்பது, அது கடைசியாக உருமாறிப் பொருளாக ஆன நாடு. திரை, பேட்டரி, கேமரா, நூற்றுக்கணக்கான சின்னப் பாகங்கள் எங்கிருந்து வந்தாலும், இங்கே கோத்து முடித்தால் இந்தியப் போன். வரிக்கு அது போதும். சீன அரசின் பிடியிலிருந்து விடுபட அது போதாது. 2025 ஏப்ரலில் சீனா, காந்தம் போன்ற பாகங்களுக்கு வேண்டிய ஏழு வகை அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயம் என்றது. ஜூலையில் இந்திய ஆலைகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களை ஃபாக்ஸ்கான் திருப்பி அனுப்பியதாகச் செய்தி வந்தது. அது பெய்ஜிங் சொல்லி நடந்ததா என்பது நிரூபணமாகவில்லை. ஒரு புது லைனை அமைத்து, ஜிக் (பாகத்தைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் சட்டம்) பொருத்தி, கழிவு விழுக்காட்டைக் குறைக்கும்வரை பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன் போய்விட்டால் என்னாகும் என்பதை மட்டும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். லைன் நிற்காது, ஆனால் தட்டுத்தடுமாறும். பிரச்சினை இன்னும் ஒரு பக்கத்திலிருந்தும் வருகிறது. 2020 ஏப்ரலில், எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு முன்அனுமதி வேண்டும் என்று நம் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அதற்கு நியாயமான காரணம் உண்டு, ஆனால் ஆப்பிளின் சீன சப்ளையர்கள் இங்கே கடை விரிப்பதையும் அது தாமதப்படுத்தியது. போதாக்குறைக்கு 2025 மே மாதம் தோஹாவில் டிரம்ப், ஆப்பிள் இந்தியாவில் ஆலை கட்டுவது தனக்குப் பிடிக்கவில்லை என்று குக்கிடம் சொன்னதாக வெளிப்படையாகப் பேசினார். ஆகஸ்டில் ஆப்பிள் தன் அமெரிக்க முதலீட்டு வாக்குறுதியை 60,000 கோடி டாலராக உயர்த்தியது. பிடித்து இழுக்கும் கை இப்போது ஒன்றுக்கு மேல்.

ஆப்பிள் சீனாவை நம்பி இருப்பதைப் பற்றிப் பேசும்போது, ஒரு ஊர் ஒரு நிறுவனத்தை நம்பி இருந்தால் என்ன ஆகும் என்பதும் என் நினைவுக்கு வராமல் இருக்காது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, அதன் உலகத்திலேயே பெரிய ஆலைகளில் ஒன்றாக அதை வளர்த்தது. 2014 நவம்பர் 1 அன்று நின்றுபோனது. வரித் தகராறில் ஆலையின் சொத்து முடக்கப்பட்டிருந்ததால், நோக்கியா தன் போன் தொழிலை மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றபோது அதைச் சேர்க்க முடியவில்லை, பிறகு மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள், பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்த பெண்கள், வீட்டுக்குப் போனார்கள். அவர்களைச் சுற்றி நடந்த வேன் ஓட்டம், மெஸ், வாடகை வீடு எல்லாம் சேர்ந்து படுத்தது. அதே வளாகத்தைத்தான் பிறகு சால்காம்ப் வாங்கி சார்ஜர் செய்கிறது. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் தொழிலாளர் விடுதி ஒன்றில் சாப்பாடு கெட்டு நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனதும், மற்றவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை அரசு கட்டித் திறந்தது. நல்லது, ஆனால் அந்தப் பெண்கள் சாலைக்கு வந்த பிறகுதான் அது வந்தது என்பதை மறக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆக, ஆப்பிள் எப்போது மறுக்கத் தொடங்கும் என்று கேட்டால், நான் எத்தனை கோடிப் போன் இங்கே தயாராகிறது என்று எண்ண மாட்டேன். அடுத்த வருட மாடலின் முதல் சோதனைத் தயாரிப்பு எங்கே நடக்கிறது என்று பார்ப்பேன். வடிவமைப்பு கையில் வந்து, அச்சு அடித்து, நூறு போன் செய்து, தப்பைக் கண்டுபிடித்து, அச்சைத் திருத்தி மறுபடி செய்யும் அந்த மாதங்கள் இன்னும் பெரும்பாலும் சீனாவில்தான் கழிகின்றன. 2025 மார்ச்சில் மத்திய அரசு உதிரிபாகத் தயாரிப்புக்கென்று 22,919 கோடி ரூபாயில் தனித் திட்டம் அறிவித்தது, தமிழ்நாடும் தன் பங்குக்கு ஒன்று அறிவித்தது. திசை சரி. டொங்குவானுக்கு அந்தப் பட்டறைகள் சேர முப்பது வருடம் ஆனது. நமக்கு அவ்வளவு ஆகாது என்று நம்புகிறேன், ஆனால் ஐந்து வருடத்தில் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் தம்பி விஷயம். சேரட்டும், தாராளமாக. ஆனால் கோக்கும் லைனில் ஒரே ஸ்டேஷனில் மூன்று வருடம் நிற்க வேண்டாம். மெக்கானிக்கல் டிப்ளமோ என்றால் டூல் ரூம் பக்கம், அதாவது அச்சு செய்து திருத்தும் பிரிவுக்கு, போகச் சொல்லுங்கள். கிண்டியில் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் பிளாஸ்டிக் அச்சுத் தொழில்நுட்பம் சொல்லித் தருகிறார்கள், டூல் அண்ட் டை படிப்புகள் வேறு இடங்களிலும் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் என்றால் எஸ்எம்டி லைன் (சர்க்யூட் பலகையில் சின்னப் பாகங்களைப் பொருத்தும் லைன்) பராமரிப்பு, சோதனைக் கருவி அமைக்கும் வேலை. முதல் இரண்டு வருடம் சம்பளம் லைன் வேலையைவிடக் கம்மியாகக்கூட இருக்கும். வீட்டில் அதைச் சொல்லிப் புரியவைத்துவிடுங்கள். அச்சை ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்தத் தெரிந்த ஒருவனை, ஆலை ஆப்பிளுடையதோ வேறு யாருடையதோ, தேடி வந்து கூப்பிடுவார்கள்.